நான்கு கிலோமீட்டருக்கு ஒரு டீசல் வண்டி

ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க சாதனைகளைப் பத்திதான் மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் பிக்கப் வண்டி விற்றவளுக்குச் சாதனை என்ன வேண்டிக்கிடக்கிறது? நான் முதலில் விற்ற வண்டிகளெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. செய்த தப்புகள்தான் இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன. அதில் ஒன்றை எழுதித் தருகிறேன், மூட்டு வலியோடு மாடி ஏறி வந்து பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். அதனால் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டலாம், எனக்குக் கேட்காது.

பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்க வண்டி வேண்டும் என்று யாராவது வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? டீசல் என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் இழுக்கிறவரிடமும் சொன்னேன், பாறை உடைக்கிற கம்ப்ரஸரை இழுக்கிறவரிடமும் சொன்னேன். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே தம் பிடித்து இழுக்கும். சி.என்.ஜி., அதாவது நம் வாடிக்கையாளர்கள் கேஸ் வண்டி என்று சொல்வது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இதில் ஒரு பொய்யும் இல்லை. எழுத்துக்கு எழுத்து சரியான இந்தப் பதிலைச் சொல்லித்தான் ஒரு குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தினேன்.

நம் டெஸ்ட் டிரைவ் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வாசலில் இடது பக்கம் திரும்பி, சர்வீஸ் ரோட்டில் போய், மெட்ரோ தூணுக்கு அடியில் யூ டர்ன் அடித்துத் திரும்பி வந்துவிடுவோம். சமதளம், காலி வண்டி, பக்கத்தில் நம் சிரித்த முகம். டெமோ வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கி ஒன்று பளபளவென்று இருக்கும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகப் பொருத்தியது. அதில் எதையாவது மாட்டி இழுத்துப் பார்த்தோமா என்றால், என் காலத்தில் ஒரு நாளும் இல்லை.

லூர்துசாமி அண்ணனும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் வந்தது ஒரு சனிக்கிழமை. திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் குடியிருக்கிறார்கள். அவர் ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதையாவது பிடித்தபடியேதான் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து டிபன் டிரெய்லர் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். இட்லிப் பானை, தோசைக்கல், சமையல் சிலிண்டர், எல்லாம் உள்ளேயே பொருத்திய ஒரு சின்னச் சமையலறை. ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு அலுவலக வளாகத்தின் வாசலில் காலை நேரம் கடை போட இடம் கிடைத்திருந்தது. அதைத் தினமும் இழுத்துப் போய் இழுத்து வர வண்டி வேண்டும்.

"நல்ல தம்மான டீசல் வண்டியா காட்டுங்க மேடம்" என்றார் அவர்.

ஸ்டெல்லா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எங்கள் விளம்பரத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். "எதுத்த வீட்டுப் பையன் கேஸ் வண்டி வச்சிருக்கான். நல்லாத்தான் ஓடுதுங்கிறான்" என்றாள்.

"நக்கோ. அந்தக் கேஸ் பேச்சே நக்கோ" என்று, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லி அவர் கையை ஆட்டினார். "டிரெய்லரை மாட்டிக்கிட்டு ரயில் பாலத்துல ஏறணும். அவன் வண்டி காய்கறி தூக்குது. நம்மது சமையக்கட்டையே தூக்குது."

"ஹவ், ஆமா, எல்லாம் தெரிஞ்சவரு" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நாங்க போறது நாலு கிலோமீட்டர். போயி நாலு மணி நேரம் நிக்கிறோம். மறுபடி நாலு கிலோமீட்டர் வர்றோம். அதுக்கு இத்தனை பெரிய எஞ்சினு எதுக்கு?" என்று கேட்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேனாவை எடுத்து அவள் சொன்னதை எழுதியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. "இழுக்கிற வேலைக்கு டீசல்தான் ஸ்டெல்லா. அண்ணனுக்குத் தெரியாததா?" என்று சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பிவிட்டேன். ஓட்டப் போகிறவர் அவர், அதனால் பேச வேண்டியது அவரிடம். இது நம் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம். 'லேடீஸுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்' என்று என்னிடமே எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கொதித்துப் போனவள், இன்னொரு பெண் நியாயமான ஒரு கேள்வி கேட்டபோது அதையே சிரித்த முகத்தோடு செய்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல சூட்டோடு, நல்ல வேகத்தில், நிற்காமல் இருபது நிமிஷமாவது ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். ஓடாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். முதலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நான்கு கிலோமீட்டர் ஊர்ந்து போய், சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிற வண்டிக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பயிற்சி வகுப்பில் பரீட்சையே எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் மாதம் அவர் எனக்குப் போன் செய்தார். "ஏதோ மஞ்சள் விளக்கு எரியுது மேடம்." நானும் வாய்ப்பாடு மாதிரி, "ஒண்ணும் இல்ல அண்ணே, ரிங் ரோட்ல ஏறி அரை மணி நேரம் ஓட்டுங்க, அணைஞ்சிடும்" என்றேன். அவர் ஓட்டினார், அணைந்தது. பத்து நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி ஓட்டினார். மூன்றாவது தடவை அவர் போன் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் தடவை போனை வைத்த அன்றே, இவர்களுக்கு வேறு வண்டி கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சுருக்கென்றது. அந்த மாதம் நிறைய வண்டி விற்றுப் போக வேண்டியிருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணி இருக்கும். ஸ்டெல்லாவிடமிருந்து போன். "அக்கா, பாலம் ஏறுற இடத்துல நிக்கிறோம். வண்டி ஏற மாட்டேங்குது. ஏழரைக்குள்ள போகலைன்னா எடம் போயிடும்" என்றாள். அழவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

வளாகத்தின் விதி அப்படி. ஏழரை மணிக்குக் கடை திறந்து அடுப்பு எரிய வேண்டும். மூன்று தடவை தவறினால் அந்த இடம் காத்திருக்கிற வேறு ஒருவருக்குப் போய்விடும். வண்டி இழுக்காமல் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தது. இது எதுவும் எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ரயில் பாதைக்கு மேலே போகிற அந்தப் பாலத்தின் தொடக்கத்தில், இடது ஓரமாக, டிரெய்லரோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "கைக்கு ருக்கே பாய்? ஹட்டோ!" என்று, ஏன் நிற்கிறீர்கள், வழியை விடுங்கள் என்று ஓர் ஆட்டோக்காரர் உருதுவில் கத்திவிட்டுப் போனார். லூர்துசாமி அண்ணன் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் ரோட்டில் நிற்காத மனிதர், என் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். எஞ்சின் விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில், மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், மாதா படம் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஓரமெல்லாம் மஞ்சளாக ஒளி கசிந்தது.

ஸ்டெல்லாவும் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டி நகத்தால் மெல்லப் பிய்த்தாள். விளக்கு பளிச்சென்று தெரிந்தது. "தெனம் காலைல வண்டி எடுக்கறப்ப இதைத் தொட்டுத்தான் சிலுவை போட்டேன்" என்றாள்.

ஒர்க்ஷாப்பில் இருக்கிற மெக்கானிக்கைப் போனில் எழுப்பிக் கேட்டேன். "நின்ன எடத்துலயே ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பிடிச்சுப் பாருங்க மேடம், இருபது நிமிஷத்துல சரியானாலும் ஆகும்" என்றார். அண்ணன் உடனே ஏறி உட்காரப் போனார். நான் தடுத்தேன். அப்படிச் செய்தால் புகைக்குழாய் நெருப்பாகக் காயும். அதற்குச் சில அடி பின்னால் இரண்டு சமையல் சிலிண்டர்களும் கொதிக்கிற சாம்பாரும் இருக்கின்றன. சுற்றிலும் அலுவலகம் போகிற கூட்டம். சரியாகலாம் என்கிற ஒரு சொல்லை நம்பிச் செய்கிற காரியம் இல்லை அது. அவசரத்தில் யார் என்ன வழி சொன்னாலும், அது கைகொடுக்காமல் போனால் என்ன நடக்கும் என்று ஒரு தடவை யோசியுங்கள். அன்று காலை நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அப்போதுதான் டெமோ வண்டியின் கொக்கி நினைவுக்கு வந்தது. அந்த வண்டி சி.என்.ஜி.தான், ஷோரூமும் பக்கத்தில்தான். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் டெமோ வண்டி வெளியே போகக் கூடாது, அவர் எழுந்திருப்பதே எட்டு மணிக்கு. ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

வாட்ச்மேன் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றார். "பெத்த சார் திட்டுதாரு மேடம்" என்று கும்பிட்டார். பெரிய சார் திட்டட்டும், என்னைத் திட்டட்டும் என்று அவருடைய நோட்டிலேயே என் பேரை எழுதி, நானே எடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாவி வந்தது.

நான் வண்டியோடு பாலத்துக்குத் திரும்பியபோது ஏழு பத்து. டீசல் வண்டியைக் கழற்றி, உருட்டி ஓரம் கட்டி, டிரெய்லரை இதில் மாட்டினார் அண்ணன். "இது ஏறாது மேடம்" என்றார். "எனக்குத் தெரியும், இது ஏறாது."

"மெதுவா ஏறட்டும்" என்றாள் ஸ்டெல்லா. "நம்மளை ஓடச் சொன்னது யாரு? ஏறுனாப் போதும்."

அவர் முதல் கியரில் எடுத்தார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், ஸ்டெல்லா ஜன்னல் ஓரம். எஞ்சின் அலறியது, வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. பாதி ஏற்றத்தில் அவர் இரண்டாவது கியருக்குக் கை கொண்டுபோனார். "வேண்டாம் அண்ணே, இதுலயே போங்க" என்றேன். கையை எடுத்துவிட்டார். உச்சிக்கு வந்து முன் சக்கரம் சமதளம் தொட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

வளாக வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே ஸ்டெல்லா இறங்கி ஓடினாள். ஷட்டரைத் தூக்கி, அடுப்பைப் பற்ற வைத்து, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே போனார். இடம் பிழைத்தது.

அதன் பிறகு ஷோரூமில் நடந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்தார், கொடுக்க வேண்டியதுதான். ஒர்க்ஷாப் அறிக்கையில் 'டிரைவர் எச்சரிக்கை விளக்கைக் கவனிக்கவில்லை' என்று எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தார்கள். அதற்குக் கீழே, 'இவர்கள் உபயோகத்துக்குப் பொருந்தாத வண்டியை விற்றது நான், தெரிந்த பிறகும் சொல்லாதது நான்' என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீசல் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சி.என்.ஜி. கொடுக்கச் சம்மதித்தார். நஷ்டத்தில் பாதிக்குமேல் நாங்கள்தான் ஏற்றோம்.

அந்த டீசல் வண்டியை, நெடுஞ்சாலையில் வெகுதூரம், ஜஹீராபாத் வரைக்கும் தினமும் போய் வருகிற ஒருவர் வாங்கினார். கம்ப்ரஸர் இழுக்கிறார். வண்டி ராஜா மாதிரி ஓடுகிறது, ஒரு விளக்கும் எரியவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அதனால் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எல்லார் தலையிலும் சி.என்.ஜி.யைக் கட்டாதீர்கள். ஏற்றமும் தூரமும் பாரமும் உள்ளவருக்கு அது தண்டனை. கேஸ் பங்கில் வரிசையில் நிற்கவும் நேரம் வேண்டும். எந்த எஞ்சினும் கெட்டதில்லை. அந்த வண்டியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். அது தெரிந்தவர் எப்போதும் ஸ்டியரிங் பிடிக்கிறவராகத்தான் இருப்பார் என்றும் நினைக்காதீர்கள்.

இப்போது அந்தக் காலைக்கே வருகிறேன். ஒன்பதரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. நான் டெமோ வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும், ஆனால் டிரெய்லரை வீட்டுக்கு இழுத்துப் போக அதை விட்டால் வண்டி இல்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவினார்.

"எதுக்குங்க மறைச்சீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீ கேஸ் வண்டி கேட்ட. நான்தான் டீசல்னு நின்னேன். எப்படிச் சொல்றது?" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடியே.

"வண்டி தப்புன்னா மாத்திக்கலாம். நீங்க மறைச்சா நான் எதைங்க மாத்துறது?"

அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் பழி முழுவதும் அவர் தலையிலேயே போயிருக்கும். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"ஸ்டெல்லா, எனக்கும் தெரியும்" என்றேன். "ரெண்டாம் மாசமே அண்ணன் போன் பண்ணாங்க. வண்டி உங்களுக்குச் சரிவராதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது. நான்தான் சொல்லல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களுமா அக்கா?" என்றாள். அந்த மூன்று எழுத்துச் சலுகைக்காவது நான் தகுதியா என்று தோன்றியது, அக்கா என்று இன்னும் கூப்பிடுகிறாளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் பானையைத் திறந்து, மிச்சமிருந்த நான்கு இட்லியை ஒரு தட்டில் வைத்து, சாம்பாரை ஊற்றி என் மடியில் வைத்தாள். "பச்சைத் தண்ணி கூட குடிக்காம ஓடி வந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு, அன்னிக்குக் கேக்காம விட்டதையெல்லாம் இப்பக் கேளுங்க."

சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டுப் பேனாவை எடுத்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை தடவை நிறுத்துகிறீர்கள், டிரெய்லர் இல்லாமல் வண்டி எங்கெல்லாம் போகிறது, ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவீர்களா, கேஸ் போட எந்த நேரம் தோதுப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். கேஸ் போடுவதைக் கடை முடித்துத் திரும்புகிற பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது பங்கில் வரிசை இருக்காது என்பது வரைக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. அண்ணன் கழுவுவதை விட்டுவிட்டு, யாரோ புது ஆளைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுதி முடித்து நிமிர்ந்தேன். அவள் என் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை.

"இவ்வளவுதானா அக்கா?" என்றாள். "இதை அன்னிக்கே கேட்டிருந்தா ரெண்டு நிமிஷம்தானே ஆகியிருக்கும்?"